கணையத் திட்டு மாற்று சிகிச்சை: தம்பிக்காக விசாரித்ததில் தெரிந்துகொண்டவை

என் தம்பிக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது அவன் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது தெரியவந்தது. இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். திருமணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இறந்தவர் ஒருவரின் கணையத்திலிருந்து, இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களான லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைப் பிரித்தெடுத்து நோயாளியின் உடலில் வைக்கும் சிகிச்சையை அவனுக்குச் செய்ய முடியுமா என்று நாங்கள் நீண்ட நாள் விசாரித்தோம். பெங்களூரிலும் வேலூரிலும் மருத்துவர்களைப் பார்த்தோம்; கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளை நானே உட்கார்ந்து படித்தேன். கடைசியில் அவனுக்கு அந்தச் சிகிச்சை நடக்கவில்லை. ஆனால் விசாரிக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டவை அவனுடைய அன்றாடத்தை மாற்றின என்பதால், இதே கேள்வியோடு அலைகிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கேள்வி எழுந்ததற்குக் காரணம் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவதுதான். தம்பி ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளனாக இருக்கிறான். ஜூன் மாதத்தில் பெங்களூரா மாம்பழ லாரிகள் இரவு முழுக்க வரிசை கட்டி நிற்கும்போது சாப்பாட்டு நேரம் என்று ஒன்று அங்கே இருப்பதில்லை. மாலையில் கலப்பு இன்சுலினை (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) போட்டுக்கொண்டு போனவன், சாப்பாடு தள்ளிப்போன ஓர் இரவில், எடைமேடை அருகே உட்கார்ந்து சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கியிருக்கிறான். குடித்திருக்கிறான் என்று நினைத்து லாரிக்காரர்கள் முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அவனுடைய பையில் குளுக்கோமீட்டரைப் பார்த்த ஒரு தொழிலாளி 108-ஐ அழைத்ததால் பிழைத்தான். ஆம்புலன்ஸில் பார்த்தபோது சர்க்கரை 28. “அக்கா, எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலக்கா. வேர்க்கல, கை நடுங்கல. கண்ணத் தொறந்தா குளுக்கோஸ் ஏறிட்டிருக்கு” என்று மறுநாள் சொன்னான். அதே மாதிரி முன்பும் நடந்திருந்தது. அந்த வருடம் அது அடிக்கடி நடந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நினைவில்லாமல் கிடக்கிறவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரையோ ஜூஸையோ ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விழுங்கத் தெரிகிற நிலையில் இருந்தால் மட்டுமே வாய்வழி இனிப்பு. இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். தொழிற்சாலையில் அவனோடு ஷிஃப்ட் பார்க்கிற எல்லோருக்கும் இதை நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் மாவட்டத்தில் சர்க்கரை நோய் என்றால் மாத்திரை என்பதுதான் பொதுப் புரிதல். வீடு தேடி மருந்து வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி வட்டாரத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த மாத்திரைப் பெட்டி எல்லோருக்கும் பழக்கம். இன்சுலின் இல்லாமல் உயிரே நிற்காத இன்னொரு சர்க்கரை நோய் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

அவனுக்கு நேர்ந்திருப்பது தாழ்சர்க்கரையை உணரும் திறன் மங்கிப்போன நிலை என்று பெங்களூரில் பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் விளக்கினார். சர்க்கரை இறங்கும்போது அட்ரினலின் சுரந்து வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வர வேண்டும். நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு, அதிலும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருகிறவர்களுக்கு, அந்த எச்சரிக்கை தாமதமாக வரும் அல்லது வராமலே போகும். குளுக்ககான் என்ற எதிர் ஹார்மோனும் இவர்களுக்குத் தேவையான வேளையில் சுரப்பதில்லை. சர்க்கரை இறங்கத் தொடங்குவதை எவ்வளவு உணர்கிறாய் என்று ஒன்றிலிருந்து ஏழு வரை ஓர் எண் சொல்லச் சொன்னார். எப்போதும் உணர்கிறேன் என்றால் ஒன்று, ஒருபோதும் இல்லை என்றால் ஏழு. நான்கும் அதற்கு மேலும் ஆபத்து. தம்பி ஆறு என்றான்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து ஒரு சொந்தக்காரர், ஒரே ஊசியில் இன்சுலினிலிருந்து விடுதலை என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். செய்தியில் பாதி உண்மை இருந்தது. உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன்.

கணையத்துக்குள் சிதறிக் கிடக்கும் இந்தத் திட்டுகளை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் முதன்முதலில் விவரித்தார். வளர்ந்த ஒருவரின் கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் உண்டு. ஆனாலும் எடையில் அவை கணையத்தில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இவற்றுக்குள் இருக்கின்றன, டைப் 1 நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதும் அவற்றைத்தான். மாற்று சிகிச்சையில், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற கணையத்தைக் குளிர்ந்த நிலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, கொலாஜனேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்து, திட்டுகளை மட்டும் பிரித்துத் தூய்மைப்படுத்துகிறார்கள். பிறகு தோல் வழியாகக் கல்லீரலின் போர்ட்டல் சிரைக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தம் ஏற்றுவது போன்ற ஒரு பையிலிருந்து அவற்றை உள்ளே விடுகிறார்கள். திட்டுகள் கல்லீரலில் தங்கி, அங்கிருந்தே இன்சுலின் சுரக்கின்றன. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ரத்தக் கசிவும் அந்தச் சிரையில் ரத்தம் உறைவதும் இதன் முக்கியமான உடனடி ஆபத்துகள். செலுத்திய திட்டுகளில் கணிசமான பகுதி ரத்தத்தைத் தொட்டவுடன் எழும் அழற்சியிலேயே அழிந்துபோகிறது என்பதால், ஒருவருக்கு இரண்டு பேரின் கணையம்கூடத் தேவைப்படுகிறது.

கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோவின் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஸ்டீராய்டு இல்லாத மருந்துக் கலவையோடு சிகிச்சை பெற்ற ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். செய்தித்தாள்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். அதே மையம் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது, ஊசியே தேவைப்படாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ நூற்றில் பத்துப் பேர்தான். ஆனால் நூற்றில் எண்பது பேருக்கு ஓரளவு இன்சுலின் சொந்தமாகச் சுரந்துகொண்டிருந்தது. இந்த இரண்டாவது எண்ணை நான் தம்பிக்குப் பலமுறை சொன்னேன். சிறிதளவு சொந்த இன்சுலின் இருந்தாலே கடுமையான தாழ்சர்க்கரை பெருமளவு நின்றுவிடுகிறது. ஊசியை நிறுத்துவதை மட்டும் வெற்றி என்று கணக்கிட்டால், இந்தச் சிகிச்சை யாருக்காக இருக்கிறதோ அவர்களுக்கு அது கொடுக்கும் முதன்மையான நன்மை கண்ணில் படாது. 2016-இல் வந்த அமெரிக்க ஆய்வு இதைத்தான் அளவுகோலாக வைத்தது: 48 பேரில் நூற்றுக்கு 87.5 பேர் ஓராண்டு முடிவில் கடுமையான தாழ்சர்க்கரை இல்லாமல், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவையும் நூற்றுக்கு 7-க்குக் கீழ் வைத்திருந்தார்கள். ஊசியே வேண்டாம் என்ற நிலையில் இருந்தவர்கள் பாதிப் பேர்.

அப்படியென்றால் தம்பிக்குத்தானே இது பொருந்தும் என்று கேட்டேன். மருத்துவர் உடனே பதில் சொல்லாமல், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் நோயில்லாதவரின் கணையத்தில் ஒரு பகுதியை நோயுள்ளவருக்கு வைத்தார்கள். இருவருக்கும் மரபணு ஒன்று என்பதால் உடல் அதை அந்நியம் என்று நிராகரிக்காது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவையில்லை என்று எண்ணினார்கள். நிராகரிப்பு வரவில்லைதான். ஆனால் சில வாரங்களில் சர்க்கரை மறுபடி ஏறியது. எடுத்துப் பார்த்தபோது, கணையத்தின் மற்றப் பகுதிகள் நன்றாக இருக்க, பீட்டா செல்கள் மட்டும் அழிந்திருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் முதல் கணையத்தைத் தாக்கிய அதே நினைவு அந்த உடலில் தூங்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

ஆக, வைக்கப்படும் திட்டுகளுக்கு இரண்டு எதிரிகள். அந்நியத் திசு என்று அடையாளம் கண்டு தாக்குவது ஒன்று. இது சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கும் உண்டு. பீட்டா செல் என்பதற்காகவே தாக்குவது இன்னொன்று. டைப் 1 நோயாளிகளுக்கே உரியது. “செல்லை உள்ளே விடுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, மேடம். அதைக் காப்பாற்றுவது வாழ்நாள் வேலை” என்றார் அவர். அந்த வாழ்நாள் வேலையில் பாதி மருந்து, பாதி கண்காணிப்பு.

மருந்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ், சிரோலிமஸ், மைக்கோஃபெனோலேட் போன்றவற்றை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. பீட்டா செல்லுக்கே நச்சாகவும் இருக்கிறது. எதைக் காப்பாற்றச் சாப்பிடுகிறோமோ அதையே சற்று அரிக்கிற மருந்து என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. தொற்றுகள் எளிதில் வரும். தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பு கூடும். எங்கள் பக்கத்தில் இன்னொரு கவலையும் உண்டு. காசநோய்க் கிருமியைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் இருப்பவர்கள் நம் நாட்டில் ஏராளம். எதிர்ப்பாற்றலை அடக்கினால் அது விழித்துக்கொள்ளலாம். விழித்துக்கொண்டால் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் சரியச் செய்துவிடும். திட்டுகள் காவலில்லாமல் நிற்கும். எந்த மாற்று சிகிச்சைக்கும் முன்பு காசநோய், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளைக் கேட்பது இதனால்தான். பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்பதை, தோட்டத்தில் அந்த மரம் வைத்திருக்கும் எங்கள் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இனி கண்காணிப்பு. இது என் தொழில் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

வைத்த திட்டுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று காட்டுவது சி-பெப்டைடு. உடல் இன்சுலினைத் தயாரிக்கும்போது அதற்குச் சமமான எண்ணிக்கையில் சி-பெப்டைடும் வெளியாகிறது. ஊசி இன்சுலினில் அது கிடையாது. எனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவரிடமும் சொந்தச் சுரப்பை இதன் மூலம் அளக்க முடிகிறது. ஆனால் இந்தச் சோதனையைப் போல மோசமாகக் கையாளப்படுகிற சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை. ரத்தம் எடுத்த அதே வேளையில் குளுக்கோஸும் பார்த்தாக வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது நல்ல பீட்டா செல்கூடச் சும்மா இருக்கும் என்பதால், குளுக்கோஸ் எண் இல்லாத சி-பெப்டைடு தாளுக்கு அர்த்தமில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது வெளியேறாமல் தங்கி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்த சீரத்தை மேசையில் வெயிலோடு விட்டால் அளவு குறைந்துவிடும். உடனே சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் அது ஒரு நாள் வரை அறை வெப்பத்திலும் தாங்குகிறது. எங்கள் ஊரில் எடுத்த மாதிரி மாலை வண்டியில் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்ச் சேருவதற்குள் என்ன நடக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. எந்தக் குழாயில் எடுக்கிறீர்கள், எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்; கேட்டால் கோபப்படும் கூடத்துக்கு மறுமுறை போக வேண்டாம்.

அலகையும் பாருங்கள். ஒரு கூடம் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தரும். இன்னொன்று லிட்டருக்கு நானோமோல் என்று தரும். 0.6 நானோகிராமும் 0.2 நானோமோலும் ஒரே அளவுதான். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, செல் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களையும் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சோதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும்; சில கருவிகளில் அது முடிவையே புரட்டிவிடும்.

அடுத்து எதிர்ப்பொருள் சோதனைகள். ஜி.ஏ.டி. 65, ஐ.ஏ. 2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8, இன்சுலின் எதிர்ப்பொருள் என்ற நான்கையும் பீட்டா செல்லுக்கு எதிரான படையின் காலடித் தடங்கள் என்று சொல்லலாம். மாற்று செய்துகொண்டவருக்கு ஜி.ஏ.டி. அளவு திடீரென்று ஏறினால் பழைய தாக்குதல் திரும்பியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். ஏறியிருக்கிறதா என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? தம்பிக்கு நோய் கண்ட நாளில் இவை எதுவும் செய்யப்படவில்லை. அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யவில்லை. இப்போது செய்தபோது ஜி.ஏ.டி. சற்றே உயர்ந்திருந்தது, மற்றவை இல்லை. ஆண்டுகள் கடந்தபின் இவை மங்கிவிடுவது உண்டு. இன்று இல்லை என்பதால் அன்று இல்லை என்று ஆகாது. இன்சுலின் எதிர்ப்பொருளை அவனுக்குப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் ஊசி தொடங்கிச் சில நாட்களிலேயே அந்த ஊசி மருந்துக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உருவாகிவிடுகிறது. பட்டியலில் அது இருந்ததால் அதற்கும் பணம் கட்டச் சொன்ன ஓர் இடத்தில் நாங்கள் வேண்டாம் என்று சொன்னோம்.

தானம் செய்தவரின் எச்.எல்.ஏ.-வுக்கு, அதாவது செல் யாருடையது என்று காட்டும் அடையாளப் புரதங்களுக்கு, எதிரான எதிர்ப்பொருள்கள் மூன்றாவது. குடும்பமாக முடிவெடுக்கும்போது எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். திட்டுகள் செயலிழந்து, இனி மருந்து எதற்கு என்று நிறுத்தினால், நிறையப் பேருக்கு இந்த எதிர்ப்பொருள்கள் பெருகிவிடுகின்றன. இரண்டு மூன்று பேரின் திட்டுகளைப் பெற்றவருக்குப் பலவகை எச்.எல்.ஏ.-வுக்கு எதிராக அவை உருவாகலாம். நாளை சிறுநீரகம் பழுதாகி மாற்று தேவைப்பட்டால், அப்போது பொருந்துகிற சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். நீண்ட கால டைப் 1 நோயாளிக்குச் சிறுநீரகப் பழுது தொலைவிலுள்ள சங்கதி அல்ல. இன்றைய தாழ்சர்க்கரையைத் தீர்க்கப் போய் நாளைய சிறுநீரகத்தின் கதவைச் சாத்திவிடக் கூடாது என்பதால், யார் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தாலும் இந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சிறுநீரக மாற்று செய்துகொண்டு அடக்கு மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குக் கணக்கு வேறு. புதிதாகச் சுமக்க வேண்டிய ஆபத்து அவருக்குக் குறைவு.

டாக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு எடுக்க வேண்டும். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வந்து கை நீட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சைட்டோமெகலோ வைரஸ் சோதனை, ரத்த அணுக்கள், கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள் என்று பட்டியல் நீளும். தாக்குதலை நடத்தும் வெள்ளை அணுக்களான டி செல்களையே எண்ணிப் பார்க்கிற நுட்பமான சோதனைகள் ஆய்வு மையங்களில் நடக்கின்றன. பக்கத்து ஊர்க் கூடங்களில் அவற்றைக் கேட்டு அலைய வேண்டாம்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தியின் பொய்யான பாதி. அது ஒரு பெருநகரத்துத் தனியார் மையத்தின் விளம்பரம். தொலைபேசியில் பேசினோம். நோயாளியின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து ஊசி போடுவோம், பக்கவிளைவு இல்லை, அடக்கு மருந்து தேவையில்லை என்றார்கள். சில லட்சங்கள் கேட்டார்கள். எதிர்ப்பாற்றலை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று கேட்டேன். உடல் தானாக ஏற்றுக்கொள்ளும் என்று பதில் வந்தது. இரட்டையர் கதையைக் கேட்ட பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. முன்பும் பின்பும் சி-பெப்டைடு எடுத்த ஒரு நோயாளியின் தாளையாவது பெயர் மறைத்து அனுப்புங்கள் என்றேன். அதன் பிறகு அவர்கள் அழைக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு ஸ்டெம் செல் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் ஆய்வு என்றே கருதப்பட வேண்டும், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிச் செய்யக் கூடாது. ஆய்வு நடப்பது உண்மையென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் இருக்கும். யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணில் உள்ள நோயின் பெயரையும் படியுங்கள். மூட்டுவலி ஆய்வின் எண்ணைக் காட்டிச் சர்க்கரை நோய்க்குப் பணம் வாங்க முடியும். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் கேட்பதே முதல் எச்சரிக்கை.

எங்களுக்குக் கிடைத்த இறுதிக் கருத்து இது: அடக்கு மருந்துகளின் ஆபத்தை ஏற்பதற்கு முன், தாழ்சர்க்கரையைத் தவிர்க்கும் வழிகள் எல்லாவற்றையும் முறையாகச் செய்து பார்க்க வேண்டும். வெளிநாட்டு மையங்களிலும் வரிசை அப்படித்தான். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், உணரும் திறனை இழந்தவர்களுக்கு 24 வாரங்கள் கவனமாகத் தாழ்சர்க்கரை வராமல் பார்த்துக்கொண்டபோது, அந்த உணர்வு கணிசமாகத் திரும்பியது. இன்சுலின் பம்ப் வைத்தவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இந்தச் செய்திதான் எங்களுக்குத் தெம்பு கொடுத்தது.

கலப்பு இன்சுலினை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க வேலை செய்யும் ஒன்றும் சாப்பாட்டுக்கு முன் ஒன்றுமாக மாற்றினார்கள். சாப்பாடு தள்ளிப்போனால் அந்த வேளை ஊசியும் தள்ளிப்போகும். சீசன் வேலைக்கு இதுவே பெரிய விடுதலை. ராத்திரி படுக்கும்போது 140-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு என்று இலக்கைத் தளர்த்தினார்கள். மூன்று மாதச் சராசரி சற்று ஏறியதைப் பார்த்து அம்மா வருந்தினார். ஏற்றித்தான் வைக்கச் சொன்னார்கள் என்று அவருக்குப் புரிய வைக்க நேரமானது. கையில் ஒட்டும் சென்சாரை எல்லா மாதமும் வாங்க எங்களால் முடியாது. மாம்பழ சீசனில் மட்டும் தொடர்ந்து போடுகிறான், 80-க்கு இறங்கும்போதே அலாரம் அடிக்கும்படி வைத்திருக்கிறான். களியைக் கண்ணளவில் சாப்பிடுவதை நிறுத்தி, கேழ்வரகு மாவை அளந்து கிண்டுகிறோம். நூறு கிராம் மாவில் ஏறத்தாழ 67 கிராம் மாவுச்சத்து; உருண்டைக்கு எவ்வளவு மாவு என்று தெரிந்தபின் ஊசிக் கணக்கு நேரானது. வண்டி எடுக்கும் முன் ஒரு சோதனை, சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை. தாழ்சர்க்கரையை உணர்வதற்கான அந்த ஒன்று முதல் ஏழு வரையிலான எண்ணை இப்போது கேட்டால் மூன்று என்கிறான். 70-க்குக் கீழே போனால் உதடு மரத்துப்போவது தெரிகிறதாம். வியர்வை இன்னும் வரவில்லை.

இதற்குள் செய்திகள் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. 2023 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தானமாகப் பெற்ற திட்டுகளாலான லான்டிட்ரா என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. கடுமையான தாழ்சர்க்கரை திரும்பத் திரும்ப வரும் வயதுவந்தோருக்கு மட்டும். ஆய்வில் இருந்த 30 பேரில் 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ ஊசியில்லாமல் இருந்தார்கள். 2025-இல் ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திட்டுகளைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் ஊசியை நிறுத்தியிருந்தார்கள். தானத்துக்குக் காத்திருக்கும் சிக்கல் இதில் இல்லை. எதிர்ப்பாற்றல் சிக்கல் அப்படியே இருக்கிறது. அந்த ஆய்வில் ஒருவர் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலால் இறந்தார் என்ற வரி எங்களுக்கு வந்த எந்த ஃபார்வர்டிலும் இல்லை.

நான் மிகவும் ஆர்வத்தோடு படித்தது சுவீடனின் உப்சாலாவிலிருந்து 2025-இல் வந்த அறிக்கை. தானத் திட்டுகளின் மரபணுக்களைத் திருத்தி, எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாதபடி மாற்றி, ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள்; அடக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. முழுமையாகத் திருத்தப்படாத செல்கள் அழிந்தன, திருத்தப்பட்டவை பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகும் சி-பெப்டைடு சுரந்தன. வைத்த அளவு சிறியது என்பதால் அவர் இன்சுலினை நிறுத்தவில்லை; ஒரே ஒரு நோயாளி. ஆனாலும் எதிர்ப்பொருள்களையும் டி செல்களையும் வாரக்கணக்கில் அளந்து காட்டியிருப்பதால்தான் அதை நம்ப முடிகிறது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, “அப்ப கிட்னிய நல்லா வெச்சுக்கணும், அவ்வளவுதானேக்கா” என்றான். ஏறக்குறைய அவ்வளவுதான். எந்த ஆய்வானாலும் சிறுநீரகம் கெட்டவரையும் எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் நிறைந்தவரையும் சேர்க்கத் தயங்குவார்கள். ஆண்டுக்கொரு முறை சிறுநீர் அல்புமின், கிரியாட்டினின், கண் பரிசோதனை ஆகியவற்றை விடாமல் செய்கிறோம். தேவையில்லாமல் ரத்தம் ஏற்றுவதையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் அதுவும் எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளைத் தூண்டக் கூடியது. எல்லாத் தாள்களும் தேதி வரிசையில், அலகோடு, கூடத்தின் பெயரோடு ஒரே கோப்பில் இருக்கின்றன.

தம்பி மனைவியின் கேள்வி குழந்தையைப் பற்றியது. தந்தைக்கு டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வருவதற்கான வாய்ப்பு, தாய்க்கு இருப்பதைவிடக் கூடுதல். மேலைநாட்டுக் கணக்குகளில் அது நூற்றுக்கு ஐந்து ஆறு என்ற அளவில் இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ எதிர்ப்பொருள்கள் இருந்தால், சர்க்கரை சரியாக இருந்தாலும் நோயின் முதல் நிலை தொடங்கிவிட்டது என்று இப்போது வகுக்கிறார்கள். எதிர்ப்பொருள்களோடு சர்க்கரையும் மாறத் தொடங்கிய இரண்டாம் நிலையில் உள்ளவர்களுக்கு நோயைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்து எங்கள் கைக்கு எட்டுமோ எட்டாதோ, முன்கூட்டியே தெரிந்தால் குழந்தை மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்குப் போகாமல் தடுக்கலாம் என்பதற்காகவே சோதனை செய்தோம். ஜி.ஏ.டி., ஐ.ஏ. 2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் மூன்றும் இல்லை என்று வந்தது. ஒருமுறை இல்லை என்றால் எப்போதும் இல்லை என்று ஆகாது என்பதால் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். சிறு குழந்தைகளுக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பொருள்தான். ஊசி போடாத குழந்தை என்பதால் அவளுக்கு அந்தச் சோதனை பொருளுள்ளது. அப்பாவுக்கு வேண்டாம் என்று அடித்த வரியை மகளின் சீட்டில் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறேன். அதுவரை அதிக தாகம், எடை குறைவு, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்புவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அன்றே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய பள்ளி ஆசிரியையிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.